கருடன் பெயரும் பனியாற்று விசிறியும்

சென்ற வாரம் அன்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. வழக்கில் ஜயித்த கட்சிக்காரர் தீர்ப்பு நகலை எடுத்துப் போடுவதுபோல், சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நம் மேஜைமேல் போட்டார்.

"நன்றாகப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம். ஆகாய விமானத்தின் மூக்கில் சுழல்கிறதே, புரொபெல்லர் என்னும் விசிறி, அது ஒன்று சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மரத்தால் செய்தது. பக்கத்தில் நின்றவரைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். நின்றவர் அன்பருடைய மருமான். பெர்லினில் உத்தியோகம் பார்க்கிறவர். அங்கே பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் இதைக் கண்டாராம். விசிறியின் இறக்கையில் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஐரோப்பிய எழுத்தில் ஒரு பெயர்: கருடா.

"இப்போது என்ன சொல்கிறீர்கள்? ஸாக்ஷாத் மகாவிஷ்ணுவின் வாகனம்! முதல் உலக யுத்தத்துக்கு முன்பே நம் தேசத்துத் தச்சர்கள் விமான விசிறி செய்து ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை எந்தச் சரித்திரப் புஸ்தகமாவது சொல்கிறதா? உங்கள் பகுதியில் நீங்கள் அவசியம் எழுத வேண்டும்" என்றார் அன்பர்.

அவர் கேட்டுக்கொண்டபடியே எழுதுகிறோம். படித்துவிட்டு அவர் நம்மோடு பேசுவாரா என்பதுதான் சந்தேகம்.

கருடா என்பது பெர்லின் நகரத்தின் நாய்க்கேல்ன் பகுதியில் இருந்த ஒரு விசிறித் தொழிற்சாலையின் பெயர். 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் ஜெர்மானிய விமானங்களுக்கு விசிறி செய்து கொடுத்த பல ஸ்தாபனங்களில் அதுவும் ஒன்று. ஹைனே, ஆக்ஸியல், வொல்ப், ரெஷ்கே, நீன்டார்ப் என்று இன்னும் பல இருந்தன. அவர்களுடைய பழைய தெய்வமான வோட்டானின் பெயரிலும் ஒரு விசிறி விற்றது. வடமொழிப் படிப்பு ஜெர்மனியில் நூறு வருஷமாகச் செழித்திருந்த காலம் அது. பறக்கும் பொருளுக்குப் பறவையரசன் பெயரை வைக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியதில் அதிசயம் இல்லை. பெயர் நம்முடையது, மரமும், உளியும், கூலியும் அவர்களுடையவை.

"பெயரே நம்முடையதாக இருக்கும்போது விசிறி மட்டும் எப்படி அவர்களுடையதாகும்?" என்று அன்பர் விடவில்லை. நியாயமான கேள்விதான். ஒரு விசிறி கைக்குக் கிடைத்தால் அதன் பூர்வோத்தரத்தை எப்படி அறிவது? ஒட்டியிருக்கும் சீட்டு, விற்பவர் சொல்லும் கதை, வாங்குகிறவரின் ஆசை இம்மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு மரத்தையே விசாரிக்க வேண்டும். மரம் நல்ல சாட்சி. கேட்டதற்குப் பதில் சொல்லும், தெரியாததைச் சொல்லாது.

முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கலாம். அந்த நாளைய விசிறியை ஒரே கட்டையிலிருந்து கடைவதில்லை. ஒரே கட்டையானால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் முறுக்கிக்கொள்ளும். ஆகையால் ஒரு அங்குலத்துக்கு முன்பின்னான கனமுள்ள பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, சீட்டுக் கட்டைச் சற்றே விரித்ததுபோல் அடுக்கி, வச்சிரம் காய்ச்சி ஒட்டி, இறுக்கிக் காய வைத்துப் பிறகு செதுக்குவார்கள். 1903ஆம் வருஷத்தில் முதல் முதலாகப் பறந்த ரைட் சகோதரர்கள் தங்கள் விசிறிகளை ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை ஒட்டி, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் தாங்களே செதுக்கினார்கள். ஒவ்வொன்றும் எட்டரை அடி. கப்பலின் விசிறியைப் பற்றிப் புஸ்தகங்களில் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் உதவாது என்று கண்டு, 'விசிறி என்பது சுழலுகின்ற சிறகு' என்று தாங்களே கணக்குப் போட்டுக் கொண்டார்கள். பறந்து காட்டியதற்கு உலகம் அவர்களைக் கொண்டாடுகிறது. இந்தக் கணக்குக்காகவும் கொண்டாட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் மகோகனியையும் வால்நட்டையும் விரும்பினார்கள். யுத்தத்தில் கடல்வழி அடைபட்ட ஜெர்மனிக்கு வெளிநாட்டு மரம் அரிதாயிற்று. அவர்கள் ஆஷ், மேப்பிள், பர்ச் என்று உள்நாட்டில் கிடைத்ததையெல்லாம் கலந்து அடுக்கினார்கள். ஒரு பலகை கறுப்பு, ஒரு பலகை வெளுப்பு என்று புடைவைக் கரைபோல வரிவரியாக இருக்கும். அன்பருடைய படத்தில் அந்த வரிகள் கண்ணுக்கே தெரிந்தன. பார்க்க அழகாய்த்தான் இருக்கின்றன. ஆனால் அவை முற்றுகையின் வடுக்கள்.

அடுத்தது விசிறியின் நடுப்பாகம். வண்டிச் சக்கரத்தில் குடம் என்கிறோமே, அதுபோன்ற இடம். யந்திரத்தின் தண்டு நுழைய நடுவில் பெரிய துவாரம். அதைச் சுற்றிப் போல்ட்டுகள் நுழையச் சிறு துவாரங்கள். இந்தத் துவாரங்கள் எத்தனை, எவ்வளவு அகலமான வட்டத்தில் அமைந்திருக்கின்றன என்று அளந்து பார்த்தாலே யந்திரத்தின் ஜாதி பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியை மரத்தில் குத்தியிருக்கும் எழுத்துக்கள் சொல்லும். ஜெர்மானிய விசிறியில் யந்திரத்தின் பெயரும் குதிரைச் சக்தியும் இருக்கும். பிறகு 'டி' என்ற எழுத்தை அடுத்து விசிறியின் குறுக்களவு; 'எஸ் டி' என்பதை அடுத்து அதன் புரி.

புரி என்றால் என்ன என்று சில நேயர்கள் கேட்கலாம். திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் அது மரத்துக்குள் இவ்வளவு தூரம் இறங்கும் என்று ஒரு கணக்கு உண்டு அல்லவா? அதுபோல, காற்று மரம்போல் கெட்டியாக இருந்தால் ஒரு சுற்றில் விசிறி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே புரி. மெதுவாக ஏறும் விமானத்துக்குக் குறைந்த புரி. வேகமாக ஓடும் விமானத்துக்கு நீண்ட புரி. இவற்றோடு, இழுக்கும் விசிறியா தள்ளும் விசிறியா என்பதையும் ஜெர்மானியர் குத்தி வைத்தார்கள். அவர்களுடைய ஒழுங்கு பிரசித்தமானது.

பிரிட்டிஷ் விசிறியிலோ இவற்றுக்கு மேல் வரைபடத்தின் எண், சில சமயம் விமானத்தின் பெயர், பரிசோதகரின் முத்திரை எல்லாம் உண்டு. 1913இல் பிரிட்டனில் விமானப் பரிசோதனைக்கென்று ஓர் இலாகா ஏற்பட்டது. அதன் மூன்றெழுத்து முத்திரை விழாத விசிறி விமானத்தில் ஏறக்கூடாது. ஒரு விசிறியில் ஐந்தாறு சிறிய முத்திரைகள்கூட விழுந்திருக்கும். மரத்துக்கு ஒன்று, ஒட்டியதற்கு ஒன்று, எடை சரிபார்த்ததற்கு ஒன்று. ஒரு பக்கத்து இறக்கை மற்றதைவிடச் சற்று கனத்துப் போனால் போதும். சுழலும்போது யந்திரமே உதறத் தொடங்கிவிடும்.

அன்பர் கொண்டுவந்த படத்தில் குடத்தின் பாகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மெர்ஸிடிஸ் என்ற பெயரும் 160 என்ற எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அன்பரின் முகம் சற்று வாடிற்று. உடனே நிமிர்ந்து, "சரி, ஜெர்மானியதாகவே இருக்கட்டும். யுத்தத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட அல்பட்ரோஸ் விமானத்தினுடையது என்று கடைக்காரர் சொன்னாராம்" என்றார்.

இங்கேதான் நாம் எல்லாருமே வழுக்கி விழுகிறோம். 160 குதிரைச் சக்தி மெர்ஸிடிஸ் யந்திரம் அல்பட்ரோஸுக்கும் இருந்தது, பால்ஸ் விமானத்துக்கும் இருந்தது, போக்கருக்கும் இருந்தது. குறுக்களவும் புரியும் கொண்டு சற்று நெருங்கலாம். வீழ்ந்த விமானம் இன்னது என்று விசிறி ஒருநாளும் சொல்லாது. மேலும் ஒரு சாதாரண விஷயம். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுழலும் மர விசிறி தரையில் மோதினால் என்னவாகும்? அடுப்புக்குச் சுள்ளியாகும். சுவரில் சாத்தி வைக்கும்படி முழுசாகக் கிடைப்பது அபூர்வம்.

அப்படியானால் முழுசாக இருக்கும் விசிறிகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் கிடங்கிலிருந்து. யுத்தம் முடிந்தபோது மலைமலையாகச் சாமான் மிஞ்சியது. வெர்ஸேல்ஸ் உடன்படிக்கைப்படி ஜெர்மனி தன் போர் விமானங்களை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பிரிட்டனில் மிஞ்சியவற்றை விற்பதற்கென்றே 1920இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. ஒரு தடவைகூடப் பறக்காத விசிறிகள் விறகு விலைக்குப் போயின. பறந்ததா, பறக்காததா என்பதையும் குடம் காட்டிக்கொடுத்துவிடும். விமானத்தில் பூட்டும்போது இரும்புத் தட்டு வைத்து இறுக்குவார்கள். அந்தத் தட்டு அழுந்திய வடு வட்டமாக மரத்தில் பதிந்திருக்கும். வடு இல்லை என்றால் அந்த விசிறி கிடங்கை விட்டு வெளியே போகவில்லை. தாத்தா அதைப் போர்க்களத்திலிருந்து தோளில் சுமந்து வந்ததாக வீட்டார் சொன்னால், சிரிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு மோசமும் உண்டு. குடத்தின் நடுத் துவாரத்தில் கடியாரத்தைப் பொருத்திக் கூடத்தில் மாட்டுவது ஐரோப்பாவில் ஒரு மோகமாக இருந்தது. மாட்டுமுன் பளபளப்பாக இருக்க வேண்டுமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் பூசிவிடுவார்கள். எழுத்துக்கள் போயே போய்விடும். கோயில் கல்வெட்டின்மேல் திருப்பணி என்ற பெயரால் சுண்ணாம்பு அடிக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். உலகத்தில் நாம் தனியாக இல்லை.

மர விசிறியின் காலம் போய் உலோக விசிறியின் காலம் வந்தது. அலுமினியக் கலவையில் அடித்துச் செய்த இறக்கைகளைத் தனித்தனியே குடத்தில் செருகினார்கள். பறக்கும்போதே புரியைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். எண்கள் இறக்கையின் அடியில் ஏறின. ஆனால் அடையாளம் காண்பது சுலபமாகிவிடவில்லை. குடத்துக்கு ஓர் எண், ஒவ்வோர் இறக்கைக்கும் ஓர் எண். ஓர் இறக்கை பழுதானால் வேறொன்றை மாட்டுவார்கள். விசிறி முழுவதையுமே கழற்றிச் செப்பனிட்டு இன்னொரு விமானத்துக்கு மாற்றுவார்கள். வாடகை வீட்டில் குடியிருப்பதுபோல விசிறி விமானம் விட்டு விமானம் குடிபோகும். எண் நம்மைத் தொழிற்சாலையின் பேரேடு வரையில் கூட்டிக்கொண்டு போகும். அதற்கு மேலே போக வேண்டுமானால் பராமரித்தவர்களின் குறிப்புப் புஸ்தகம் வேண்டும்.

ஆனால் உலோகம் மரம் சொல்லாத ஒன்றைச் சொல்லும். மரம் ஒடியும், உலோகம் வளையும். யந்திரம் முழுச் சக்தியோடு ஓடும்போது மோதினால் இறக்கையின் நுனி பெரும்பாலும் முன்பக்கமாகச் சுருளும். யந்திரம் ஓய்ந்த நிலையில் மோதினால் பின்பக்கமாக மடியும். விபத்தை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் விசிறியைத் தேடுவது இதனால்தான். கடைசிக் கணத்தில் விமானம் எப்படி இருந்தது என்பது அந்த வளைவில் எழுதியிருக்கிறது.

இப்படி ஒரு விசிறி 2012ஆம் வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்தில் வெளிப்பட்டது. பெர்ன் பிரதேசத்து மலைகளில் கௌலி என்று ஒரு பனியாறு இருக்கிறது. அங்கே போன மூன்று இளைஞர்கள் பனியின்மேல் ஒரு விமான விசிறி கிடப்பதைக் கண்டார்கள். அது யாருடையது என்பதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. 1946ஆம் வருஷம் நவம்பர் 19ஆம் தேதி, ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்ட அமெரிக்க ராணுவ டக்கோட்டா விமானம் மேகத்தில் வழி தவறி அந்தப் பனியாற்றின்மேல் வயிறு தேய இறங்கிவிட்டது. விமானத்தில் இருந்தவர்கள் 12 பேர். ரேடியோவில் பேசினார்கள், ஆனால் பிரான்ஸ் தேசத்து மலையில் கிடப்பதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள்! ஆகவே தேடியவர்கள் முதலில் வேறு திக்கில் தேடினார்கள். ஐந்தாம் நாள் ஸ்விஸ் விமானிகள் இருவர், பனிச் சறுக்குக் கட்டைகள் பூட்டிய இரண்டு சிறிய ஸ்டார்க் விமானங்களை அந்தப் பனியின்மேலேயே இறக்கி அவர்களை மீட்டார்கள். 12 பேரும் பிழைத்தார்கள். விமானம் பனிக்குள் புதைந்துபோயிற்று. 66 வருஷம் கழித்து அதன் விசிறி வெளியே வந்தது. 2018ஆம் வருஷக் கோடையில் இன்னும் பல பாகங்கள் வந்தன.

ஒன்று கவனிக்க வேண்டும். டக்கோட்டா வகை விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டவை. ஒரு குப்பைக் கிடங்கில் அதே விசிறி கிடைத்திருந்தால் 'எங்கேயோ ஒரு டக்கோட்டா' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. கிடந்த இடம்தான் பெயரைச் சொல்லிற்று. அதனால்தான் பழம்பொருளைக் கிடந்த இடத்திலிருந்து எடுக்கிறவன் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் எடுத்தால் பாதிப் பொருளைத்தான் எடுக்கிறான்.

பனியாறு என்பது உறைந்து நிற்கும் பனி அன்று. ஆறு என்ற பெயருக்கு ஏற்ப அது நகருகிறது. மேலே விழுந்ததை உள்ளே வாங்கி, மெல்ல மெல்லச் சுமந்து, பல வருஷம் கழித்துக் கீழே கொண்டு வந்து கொடுக்கிறது. இது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். 1820இல் ஐரோப்பாவின் மிக உயர்ந்த மலைகளில் ஒன்றான மான் பிளாங்கில் ஏறும்போது பனிச் சரிவில் மூன்று வழிகாட்டிகள் மாண்டார்கள். போர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் பனி நகரும் வேகத்தை அளந்து, சுமார் நாற்பது வருஷத்தில் அவர்களுடைய எச்சங்கள் கீழே வரும் என்று கணக்குச் சொன்னார். 1861இல், பொஸ்ஸோன் என்ற பனியாற்றின் அடியில் அவை வந்து சேர்ந்தன.

அந்தப் பொஸ்ஸோன் பனியாற்றுக்கும் நமக்கும் ஒரு பந்தம் உண்டு. அது கருடன் பெயரால் ஏற்பட்டது அல்ல.

1948ஆம் வருஷம் ஜூன் 8ஆம் தேதி, சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகாத பாரத தேசத்திலிருந்து ஏர் இந்தியாவின் முதல் சர்வதேச விமானம் பம்பாயில் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் போயிற்று. அதன் பெயர் 'மலபார் பிரின்ஸஸ்'. மலபார் இளவரசி. லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் என்ற ஜாதி விமானம். அதன் வாலில் மூன்று நிமிர்ந்த துடுப்புகள். சிறகுகளில் நான்கு யந்திரங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் சுமார் 15 அடி குறுக்களவுள்ள மூன்று இறக்கை விசிறி. அன்றைய பத்திரிகைகளில் அதன் படத்தைக் கண்டு மகிழாத இந்தியர் இல்லை எனலாம்.

இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. 1950ஆம் வருஷம் நவம்பர் 3ஆம் தேதி காலை, ஜெனீவாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அந்த இளவரசி மான் பிளாங்கின் உச்சிக்குச் சற்றுக் கீழே மோதினாள். 48 பேர் மாண்டார்கள். பிரயாணிகளில் பெரும்பாலோர் செல்வந்தர்கள் அல்லர். இங்கிலாந்தில் கப்பல் ஏறப் போய்க்கொண்டிருந்த இந்திய மாலுமிகள். புயலில் தேடப்போன மலை வழிகாட்டிகளில் ரெனே பாயோ என்பவர் பனிப் பிளவில் விழுந்து உயிர் விட்டார். நம்மவர்களை ஒருவரையும் அறியாதவர்; அவர்களுக்காகப் போனவர். இந்தச் சம்பவத்தை வைத்து ஆன்ரி த்ரோயா என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒரு நாவல் எழுதினார். ஹாலிவுட்டில் அது படமாகவும் வந்தது.

அதோடு போகவில்லை. 1966ஆம் வருஷம் ஜனவரி 24ஆம் தேதி, ஏர் இந்தியாவின் போயிங் விமானமாகிய 'காஞ்சன்ஜங்கா' அதே மலையில், ஏறக்குறைய அதே இடத்தில் மோதிற்று. திசை காட்டும் கருவிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மலையைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்பதில் விமானிக்கும் தரையிலிருந்து ராடாரைப் பார்த்துச் சொல்லியவருக்கும் இடையே ஒரு வார்த்தை புரளி நேர்ந்தது. 117 பேர் போனார்கள். அவர்களில் நம் தேசத்து அணுசக்தி ஆராய்ச்சியின் தந்தையான ஹோமி பாபாவும் ஒருவர்.

ஒரே மலை, ஒரே கம்பெனி, ஒரே பனியாறு. இடையில் பதினைந்து வருஷம். இரண்டு விமானங்களின் சிதறல்களும் பொஸ்ஸோனின் வயிற்றில் கலந்து கிடந்து, கோடைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகின்றன. கௌலியில் கிடந்த இடமே பெயரைச் சொல்லிற்று என்றோம். இங்கே இடம் வாய் திறப்பதில்லை. எது எந்த விமானத்தினுடையது?

இந்தக் கேள்விக்கு விசிறியைப் போல் நல்ல சாட்சி வேறு இல்லை. மலபார் பிரின்ஸஸுக்கு நான்கு விசிறிகள், 12 இறக்கைகள். காஞ்சன்ஜங்காவோ ஜெட் விமானம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் கான்வே யந்திரங்கள் நான்கு அதற்கு. வெளியே சுழலும் விசிறி ஒன்றுகூடக் கிடையாது. ஆகையால் ஆள் உயரமுள்ள வளைந்த இறக்கை ஒன்று பனியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால், அதில் எண் இருக்கட்டும் இல்லாமற் போகட்டும், அது 1950. பிஸ்டன் கிடைத்தாலும் 1950; கான்ஸ்டெலேஷனின் ஒவ்வொரு யந்திரத்துக்கும் 18 ஸிலிண்டர்கள், ஆக 72. உள்ளங்கை அளவில் அடுக்கடுக்காக இறக்கை வைத்த சக்கரம் கிடைத்தால் அது ஜெட் யந்திரத்தின் உறுப்பு, 1966. இரண்டையும் 'இறக்கை' என்றே சொல்வதால் அறியாதவர்கள் மயங்கக்கூடும். அளவைப் பார்த்தால் மயக்கம் தீரும். ஆனால் ஆணி அடித்த வெறும் அலுமினியத் தகடு கிடைத்தால்? இரண்டுமே அமெரிக்கத் தகடு. எண் பதிந்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் மௌனம்தான்.

காகிதங்கள் தேதியோடு வந்தன. 2012இல் நம் வெளிநாட்டு இலாகாவின் தபால் பை ஒன்று அகப்பட்டது, 1966ஆம் வருஷத்தியது. 2020இல் பத்திரிகைகள் சில வந்தன. இந்திரா காந்தி பிரதம மந்திரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைத் தாங்கியவை. அரை நூற்றாண்டுக்கு மேல் பனியில் கிடந்தும் தலைப்பைப் படிக்க முடிந்தது. 2013இல் மலையேறிய இளைஞர் ஒருவர் மரகதமும் நீலமும் மாணிக்கமும் நிறைந்த சிறு பெட்டியைக் கண்டெடுத்து நேரே போலீஸாரிடம் கொடுத்தார். உரிமை கோரிச் சரியான வாரிசு யாரும் அமையாததால் 2021இல் அவருக்கும் ஷமோனி நகரத்துக்கும் சமபங்காகக் கிடைத்தது. அந்த இளைஞரைப் பெற்றவர்கள் பாக்கியசாலிகள்.

எல்லாவற்றிலும் நம்மை உலுக்கியது 2017இல் வந்த செய்தி. அந்தப் பனியாற்றில் வருஷக்கணக்காகத் தேடிவந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் மனித உடலின் பாகங்களைக் கண்டார். ஒரு கை, ஒரு காலின் மேற்பாகம். யாருடையவை? முகம் இல்லை, பெயர் இல்லை. அந்த வருஷம் அவர் அங்கே ஒரு ஜெட் யந்திரத்தையும் கண்டிருந்தார். ஆகவே இவை 1966ஆம் வருஷத்து விமானத்தில் போனவருடையவையாக இருக்கலாம் என்று நினைத்தார். 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த நிதானத்துக்கு நம் வணக்கம். பக்கத்தில் ஜெட் யந்திரம் கிடந்ததனால் 117 பேரில் ஒருவராக இருக்கக்கூடும். ஒரு விசிறி இறக்கை கிடந்திருந்தால் 48 பேரில் ஒருவர் என்று எண்ணியிருப்பார்கள். உலோகம் அவ்வளவுதான் சொல்லும்.

இதையெல்லாம் அன்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் இடையில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். மருமான் அந்த விசிறியை வாங்கலாமா கூடாதா என்று கேட்டார். விலை படிந்தால் வாங்கட்டும். நல்ல தச்சு வேலை. உப்புத்தாள் மட்டும் போட வேண்டாம். குடத்தில் வட்ட வடு இருக்கிறதா என்று பார்க்கட்டும் என்றோம்.

வாசற்படி வரையில் போனவர் திரும்பி நின்றார்.

"அந்த மாலுமிகள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று ஏதாவது போட்டிருக்கிறதா?" என்றார்.

கருடனைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.